பார்த்துக் குடு தம்பி

போன மாதம் மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. காய்ச்சலும் இல்லை, கடன்காரன் தொல்லையும் இல்லை. ஒருவருக்கு வெல்டிங் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். "பார்த்துக் குடு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தொழில் ஏர்கோன் சர்வீஸ். மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தாமான்களிலும், அதாவது குடியிருப்புகளிலும், வேலை. ஒரு ஏணி, ஒரு தண்ணீர் பம்ப், மூன்றாவது கியரில் முனகும் ஒரு வேன். தெரிந்தவர்கள் வீடு என்றால் நானும் "பார்த்துக் கொடுங்கண்ணே" என்று சொல்லும் ஆள்தான். அப்படிச் சொன்ன வீடுகளில் பாதிப் பேர் நன்றாகப் பார்த்தார்கள், கொடுக்கவில்லை. அதனால் அந்த வார்த்தையின் கனம் எனக்குத் தெரியும். என் பக்கம் திரும்பி வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்தது.

சரி, முதலில் மோட்டார் கதை.

அப்பாவிடம் ஒரு யமாஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிள் இருந்தது. பேருக்கு 135, உள்ளே 133 சிசி. ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். என் வயது மலேசிய ஆண்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு முகமே மாறும். அப்பா அதில் ரேஸ் எல்லாம் விட்டதில்லை. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் பால் வெட்டுக்குப் போனார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் நீளக் கம்பில் மாட்டிய அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதே மோட்டாரில் குலை வெட்டப் போனார். உர மூட்டையும் அதில்தான் ஏறும். உரம் உப்பு மாதிரி, இரும்பைத் தின்றுவிடும். மூட்டை உட்கார்ந்த இடமெல்லாம் துருப்பிடித்து, கடைசியில் பின் சக்கரத்தின் கை ஃப்ரேமோடு சேரும் இடத்தில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இன்னமும் இரண்டு உதையில் கிளம்பும்.

அந்த என்ஜினுக்குப் புதிதாக ஒரு ஃப்ரேம் செய்யலாம் என்று எனக்கு ஆசை வந்தது. பின்பக்கம் ஷாக் அப்சார்பரே இல்லாமல், சக்கரம் நேராக ஃப்ரேமிலேயே உட்காரும் பழைய பாணி. தமிழில் ஃப்ரேமுக்குச் சட்டம் என்று பெயர். இந்தச் சட்டம் சட்டப்படி ரோட்டுக்கு வராது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் ஃப்ரேமை மாற்றி ஓட்டக்கூடாது. கிராண்டில், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரத்தில், இருக்கும் சேசி எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் அப்பாவின் பழைய ஃப்ரேமை எண்ணில் கை வைக்காமல் போர்ட்டிக்கோ சுவரில் மாட்டிவிட்டேன். புதியது கண்காட்சிக்குத்தான். செர்டாங்கில் மேப்ஸ் திடலில் ஆர்ட் ஆஃப் ஸ்பீட் நடக்கும்போது லோரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு மூலையில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் கனவு.

கனவு கண்டவன் குழாய் வாங்கப் போன லட்சணத்தைக் கேளுங்கள். வரைபடத்தில் ஓர் இஞ்சு குழாய் என்று இருந்தது. ஹார்ட்வேர் கடையில் "ஓர் இஞ்சு பைப்" என்று கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் வெளி விட்டம் 33.7 மில்லிமீட்டர். ஓர் இஞ்சு என்றால் 25.4 அல்லவா? தண்ணீர் பைப்புக்குச் சொல்லும் இஞ்சு ஒரு பேர்தான், வெளியே அளந்தால் அந்த அளவு வராது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஃப்ரேமுக்குக் கேட்க வேண்டியது வெளி விட்டத்தைச் சொல்லி விற்கும் டியூப். நான் வாங்கியது வீட்டுக் குழாய். அதுவும் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப். கொஞ்சம் தடிமனாக இருந்தால் பலம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டவுனில் கேட், ஜன்னல் கம்பி செய்யும் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு ஜாய்ண்ட்டுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). மொத்தம் 18 ஜாய்ண்ட், 180 வெள்ளி, முழுப் பணமும் முன்னாடியே. மலிவு என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று மதியமே முடித்துவிட்டார்கள். பைப்பின் பூச்சைச் சுரண்டாமல் அப்படியே வைத்துப் பற்றவைத்ததில் வெள்ளைப் புகை கட்டிக்கொண்டு வந்தது. வேலை செய்த பையனுக்கு அன்று ராத்திரி குளிர் காய்ச்சல், மறுநாள் லீவு. துத்தநாகப் புகை உள்ளே போனால் அப்படித்தான் வருமாம், ஒரு நாள் படுக்கப் போட்டுவிட்டுப் போய்விடும். "ஒரு டின் பால் குடிச்சா சரியாயிடும்ணே" என்று வேறு சொன்னான்.

ஃப்ரேமை வீட்டுக்குக் கொண்டுவந்து சக்கரங்களை மாட்டி, பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் தூண்டில் நைலானை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். கயிறு முன் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் உரசுகிறது, மறுபக்கத்தில் விலகி நிற்கிறது. 11 மில்லிமீட்டர் கோணல். வெல்டு வழவழவென்று அழகாக இருந்ததே என்று பார்த்தால், மேடாக இருந்ததையெல்லாம் கிரைண்டரால் வழித்துவிட்டிருக்கிறார்கள். என்ஜினை உட்கார வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, பத்து நிமிடம் ஓடவிட்டேன். என்ஜினுக்குக் கீழே வரும் தகட்டின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பைப் உன்னோடது தம்பி, நாங்க ஒட்டிக் கொடுத்தோம்" என்றார் கடைக்காரர். கோபம் வந்தது. ஆனால் வேனில் திரும்பி வரும்போது யோசித்தால், பாதி நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது. கேட் செய்பவரிடம் கேட் விலைக்கு மோட்டார் ஃப்ரேம் கேட்டவன் நான்.

அப்புறம்தான் அப்பா பாய்லர் மாமாவைச் சொன்னார்.

அவருடைய சொந்தப் பெயர் தாமானில் பாதிப் பேருக்குத் தெரியாது. செம்பனை ஆலையில் பாய்லர் குழாய்களுக்கு வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர். செம்பனை ஆலையில் பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான் பாய்லருக்கு விறகு. அந்த நீராவியில்தான் மொத்த ஆலையும் ஓடும். அந்தக் குழாயில் எல்லாரும் கை வைக்க முடியாது. ஒரு துண்டை வெல்டு செய்து காட்ட வேண்டும், அதைப் பட்டையாக வெட்டி 'யு' மாதிரி வளைப்பார்கள். வெல்டு விரிசல் விட்டால் வீட்டுக்குப் போகலாம். மாமா அந்தச் சோதனையில் தேறியவர். அதற்கெல்லாம் முன்பு, பதினாறு பதினேழு வயதில், அப்பாவும் அவரும் ஒரே தோட்டத்தில் ஒரே பெரட்டில், வேலைக்கு முன் பேர் கூப்பிடும் காலை வரிசையில், நின்றவர்கள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மாமா என் ஃப்ரேமை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். உடனே கீழே வைத்தார்.

"இது மோட்டாரா, தண்ணித் தொட்டி ஸ்டாண்டா?"

பையனுக்குக் காய்ச்சல் வந்ததையும் பால் வைத்தியத்தையும் சொன்னேன். "பால் வயித்துக்குல்ல போகும், புகை நெஞ்சுக்குல்ல போகுது" என்றார். அந்தப் பைப்பைத் தொட மறுத்துவிட்டார். என்ன வாங்க வேண்டும் என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார்: ஒட்டு இல்லாத டியூப், வெளி விட்டம் 25.4, சுவர்த் தடிமன் 3 மில்லிமீட்டர். ஈப்போவுக்குப் போய் வாங்கி வந்தேன். இணையத்தில் எல்லாரும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகைச் சொல்லி குரோமோலி, குரோமோலி என்கிறார்களே என்று கேட்டுப் பார்த்தேன். "அதுக்குக் கம்பி வேற, பக்குவம் வேற, காசும் வேற. உன் மோட்டார் எங்க பறக்கப் போகுது?" என்று முடித்துவிட்டார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு முழுவதும் ஒரு பொட்டு வெல்டிங் கிடையாது. நான் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்குப் போனேன். மாமா தரையில் ஆங்கிள் இரும்புகளை வைத்து, நீர்மட்டம் பார்த்து, ஒரு படுக்கை கட்டிக்கொண்டிருந்தார். ஃப்ரேமின் ஒவ்வொரு குழாயும் அதில் அசையாமல் படுக்க வேண்டும். என்ஜினையே நடுவில் உட்கார வைத்தார், சக்கர அச்சுக்குப் பதில் நீளமான ஒரு கம்பி.

ஒரு குழாய் இன்னொன்றின் மேல் சாய்ந்து சேரும் இடத்தில் அதன் முனையை மீன்வாய் மாதிரி வெட்ட வேண்டும். அதற்கு மெஷின் இருக்கிறது, மாமாவிடம் இல்லை. காகிதத்தைக் குழாயில் சுற்றி, பென்சிலால் வளைவு போட்டு, ஹேக்ஸாவால் வெட்டி, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் ராவினார். நாலு தடவை ராவுவார், பொருத்திப் பார்ப்பார், கைவிளக்கைப் பின்னால் பிடிப்பார். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப ராவுவார். ஒரு முனைக்கு நாற்பது நிமிடம் ஆனது. நான் பொறுக்க முடியாமல், "மாமா, அந்த இடுக்கை வெல்டிங் அடைச்சிடாதா?" என்றேன். "அடைக்கும். அடைக்கிறதுக்குச் சிமிண்ட் போதுமே" என்றார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை, அரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஞாயிறு பற்றவைத்தார். டிக் வெல்டிங்: மின்பொறியில் இரும்பை உருக்கி, அதன்மேல் ஆர்கன் கேஸைப் போர்த்திச் செய்வது. கேஸ் மூடியிருக்கும் வரைதான் உருகிய இரும்பு சுத்தமாக இருக்கும், காற்றடித்தால் கலைந்துபோகும். அதனால் கொட்டகையில் காற்றாடியை நிறுத்திவிட்டார், கதவையும் சாத்திவிட்டார். சுங்கை சிப்புட்டில் மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். ஏர்கோன் மாட்டுகிறவன் நான், எனக்கே சிரிப்பு வந்தது. மாமா முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, முகமூடி, ஒரு முக்காலி.

முதலில் ஒவ்வொரு ஜாய்ண்ட்டிலும் நாலு பொட்டு. பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது என்று கடிகாரக் கணக்கு. பிறகு முன்பக்கம் ஒரு துண்டு, அது ஆறுவதற்குள் பின்பக்கம் எதிர்மூலையில் ஒரு துண்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் மொத்த ஃப்ரேமும் அந்தப் பக்கம் சாயும். என் பழைய ஃப்ரேமின் 11 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று நான் தண்ணீர் எடுக்கப் போனேன். "அத வைடா கீழ" என்று ஒரு சத்தம். தானாகத்தான் ஆற வேண்டுமாம்.

முகமூடியை எனக்கும் ஒன்று கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளே மிளகு அளவு ஒரு குட்டை, அதன் ஓரத்தில் கம்பியின் நுனியைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறார். தொடும்போது குட்டை ஒரு தடவை வீங்கும், பிறகு முன்னால் நகரும். அடுக்கி வைத்த காசு சரிந்த மாதிரி வரிவரியாகப் பின்னால் வெல்டு நிற்கிறது. முகமூடியைக் கழற்றியதும் அதன்மேல் ஊதா, வெண்கலம், வைக்கோல் என்று நிறம். அதைக் கிரைண்டரால் தொடாதே, பெயிண்ட்டை மட்டும் அடி என்றார்.

மூன்றாவது ஞாயிறு மிச்ச வேலை, பிறகு சோதனை. சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைத் தூளை அடித்தார். விரிசல் எங்காவது இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு வெள்ளையில் ஊறி வெளியே தெரியும். தெரியவில்லை. நைலான் கயிறு இரண்டு பக்கமும் சமமாக நின்றது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் போனில் நேரம் பார்த்து எழுதி வைப்பேன். மூன்று நாளில் நெருப்பு எரிந்த நேரம் மொத்தம் 1 மணி 40 நிமிடம். மற்றதெல்லாம் அளவு, அரம், துடைப்பது, யோசிப்பது, தே ஓ குடிப்பது.

"எவ்வளவு மாமா?" என்று கேட்டேன். அவர் சொன்னது உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பமானது. அப்பா, "அவன்கிட்ட காசு பேசாத, நாங்க ஒண்ணா பெரட்டுல நின்னவங்க. நல்ல நாட்டுக்கோழியா ஒண்ணு கொண்டுபோய்க் குடு" என்றார். அம்மா, "ஆமா, கேஸ் கடைக்காரனுக்கும் கோழி குடுப்பாரா அவரு?" என்றார். இரண்டு பேரும் அதோடு என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள் பழைய கணக்கு ஒன்றுக்குப் போய்விட்டார்கள்.

நான் கணக்குப் போட்டேன். பழைய கடை விலையில் போட்டால் 180 வருகிறது. அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஈப்போவில் ஒரு மோட்டார் பட்டறைக்கு வாட்சப்பில் படம் அனுப்பி விசாரித்தேன். 1,500-க்குக் குறையாது, நேரில் பார்த்தால்தான் மிச்சம் சொல்வோம் என்றார்கள். அப்புறம் என் சொந்தக் கணக்கு: ஒரு ஏர்கோன் கழுவ எனக்குப் போக வர ஒரு மணி நேரம், 90 வெள்ளி. அந்தக் கணக்கில் மாமாவின் மூன்று ஞாயிறும் சேர்ந்த 24 மணி நேரத்துக்கு 2,160. அந்த எண்ணைப் பார்த்ததும் போனை மூடி வைத்துவிட்டேன். பாய்லர் குழாய்க்குச் சோதனையில் தேறிய மனிதரைவிட, வடிகட்டி கழுவுகிற நான் மணிக்கு அதிகம் வாங்குகிறேனா? குறைத்துக் கொடுத்தால் ஏமாற்றின மாதிரி, கூட்டிக் கொடுத்தால் அப்பாவின் சிநேகிதத்துக்கு விலை போட்ட மாதிரி. மூன்றாவது ராத்திரி 700 என்று முடிவு செய்தேன். கணக்கில் வந்த தொகை ஒன்றும் இல்லை. என் கையில் அவ்வளவுதான் இருந்தது.

அங்பாவ் உறை ஒன்றில் பணத்தைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் கால் கட்டிய கோழியோடு போனேன். மாமா வாசலில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும், "அதெல்லாம் உள்ள அத்தைகிட்ட குடு" என்று மறுபடியும் குழாயைச் சுருட்டினார். ஏற்கனவே சுருட்டி முடித்த குழாய்தான் அது.

அத்தை உறையை வாங்கி என் கண் முன்னாலேயே எண்ணினார். எண்ணிவிட்டு, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை ஆணியோடு சேர்த்துக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் பொடி எழுத்தில் ஏதேதோ.

"அவருக்கு வெல கேக்க வராது தம்பி. ஆலையில மாசச் சம்பளம் வாங்கியே பழகிட்டாரு. அதான் நான் எழுதி வைக்கிறது" என்றார். "ஒன்பதுலேருந்து ஆறு. சோத்துக்கு ஒரு மணி நேரம் கழிச்சிட்டேன், உங்க அப்பாவப் பத்திக் கத பேசுனதும் அதுலயே போச்சு. ஒரு நாளைக்கு எட்டு, மூணு நாளுக்கு இருபத்து நாலு. மணிக்கு முப்பது, எழுநூத்து இருபது. கேஸு தொண்ணூறு. கம்பி, டங்ஸ்டன், டிஸ்க், ஹேக்ஸா பிளேடு எல்லாம் சேத்து அறுபது. தரையில கட்டுன ஆங்கிள் இரும்பு எழுபது, அது உங்களுக்குத்தான், வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

தொள்ளாயிரத்து நாற்பது.

எனக்கு அழுகை வரும் போல இருந்தது, நிம்மதியில். மூன்று ராத்திரி நான் தேடிய எண் இந்தச் சமையலறைச் சுவரில், குதிரைப் பந்தய நாளுக்கும் ஏகாதசிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அத்தை, கோழி...?" என்று இழுத்தேன்.

"கோழி வேற, கூலி வேற" என்று அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கூடையைக் கவிழ்த்து மூடினார்.

மிச்சம் 240. சம்பளம் 25-ஆம் தேதி வருகிற ஆள் இல்லை நான், ஆனால் டவுனில் ஒரு கிளினிக்கில் நாலு ஏர்கோன் கழுவிய பணம் அந்த வாரம் வர வேண்டும். அதைச் சொன்னேன். அத்தை பேனாவைத் தேடி எடுத்து, 25-ஆம் தேதிக் கட்டத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'பாக்கி 240' என்று போட்டு, கீழே ஒரு கோடு இழுத்தார். அதே கட்டத்தில் ஏற்கனவே 'கேஸ் லோரி' என்று எழுதியிருந்தது.

"காலையிலயே வந்துடுங்க தம்பி. லோரிக்காரன் பத்து மணிக்கெல்லாம் வந்துருவான்."